பிறந்தநாள் வீடியோவின் மிச்சம்

மாற்றி முடித்த வீடியோ, மாற்றுவதற்கு முன்னால் இருந்ததைவிட நீளமாக இருந்தது. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஒரு நிமிஷம்கூட வராது. ஆனாலும் ஆரோக்கியதாஸ் கண்ணாடியைக் கழற்றி, பனியன் ஓரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டு, பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் மறுபடி ஒருமுறை பார்த்தான். படத்தைச் சின்னதாக்கலாம், தரத்தைக் குறைக்கலாம். ஒரு வீடியோ ஓடும் நேரம் எப்படிக் கூடும்?

வெளியே ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு அப்பால், ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கும் குவார்ட்டர்ஸ் வரிசைகளையும் வேப்பமரங்களையும் தாண்டி, சுரங்கத்தில் கரி சுமக்கும் பெல்ட் ஓடும் சத்தம், இரவு பகல் என்று பேதமில்லாமல் டவுன்ஷிப் முழுக்கக் கேட்கும் அந்தக் கனத்த முனகல், ஈரக்காற்றில் இன்னும் தாழ்ந்த குரலில் வந்தது. நனைந்த கரியின் வாடை ஹாலுக்குள் இருந்தது. மேசைக்கு அடியில் பழைய கம்ப்யூட்டர் பெட்டி மூச்சிரைக்க விசிறியைச் சுழற்றி, சூடான தூசி நாற்றத்தை அவன் கால்மேல் ஊதியது.

அது ஷைனியின் ஐந்தாவது பிறந்தநாள் வீடியோ. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில், இதே ஹாலில் எடுத்தது. அவன் மனைவி சகாயமேரியின் தம்பி ஜான் கடலூரிலிருந்து கேமராவோடு வந்து எடுத்து, டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தான். அந்த மழைக்காலத்திலேயே ஷைனிக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். வேறு பிள்ளை அவர்களுக்கு இல்லை. மேரி அந்த டிஸ்க்கைத் தன் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினாள். பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இந்த வருஷம் ஜான் அக்காவுக்கு ஒரு டச் ஃபோன் வாங்கிக் கொடுத்தான். கல்லறைத் திருநாள் நெருங்கியபோது மேரி பீரோவைத் திறந்தாள்.

“இத என் ஃபோன்ல ஏத்திக் குடுங்க.”

“மேரி…”

“அழமாட்டேன். கல்லறையில உக்காந்துகினு அவ சிரிப்ப ஒரு தடவ கேக்கணும். அவ்ளோதான்.”

டிஸ்க்கில் இருப்பது அப்படியே ஃபோனில் ஓடாது. கம்ப்யூட்டரில் போட்டு வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரோ ஷைனியைவிடக் கொஞ்சம்தான் இளையது. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அவன் ஓடவிட்ட வேலை, வந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, விளக்கு வைத்த பிறகுதான் முடிந்தது.

இப்போது அவன் புதிய ஃபைலின் கடைசிப் பகுதியை மட்டும் ஓடவிட்டான். பாட்டு முடிந்துவிட்டது. கேக் வெட்டியாகிவிட்டது. ஜான் கேமராவை டிவி மேல் வைக்கிறான். படம் லேசாகச் சாய்கிறது. கன்னத்தில் க்ரீமோடு ஷைனி ஓடிவந்து கேமராவுக்கு முன்னால் பல்லைக் காட்டிவிட்டு, திரும்பி, உள்ரூம் வாசலில் தொங்கும் பூப்போட்ட திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். டிஸ்க்கில் அதோடு கறுப்பாகிவிடும்.

இதில் ஆகவில்லை. திரை ஆடிக்கொண்டிருந்தது. ஆடி, ஆடி, அடங்கியது. பலூன்கள் சுவரோரம் சும்மா தொங்கின. ஹாலில் ஒருவரும் இல்லை.

அன்றைக்கு ஹாலில் நிற்க இடமில்லாத கூட்டம். பிளாக் பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். அத்தனை பேரும் ஒரு நொடியில் எங்கே போனார்கள்? சத்தமும் இல்லை. அசையாத திரை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு முடிந்துவிட்டது.

ஜான் கேமராவை நிறுத்த மறந்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் மறந்து எடுத்ததாக இருந்தால் டிஸ்க்கிலும் அது இருக்க வேண்டும்.

அந்த ஃபைல் கனமாக இருந்ததால் மேரியின் ஃபோனில் ஓடவில்லை. நின்று நின்று போனது. மறுநாள் அவன் மந்தாரக்குப்பத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தனகோட்டியிடம் போனான். வெளியூர்களில் எல்லாம் பாதி நாள் கரண்ட் கிடையாது. அதனால் பண்ருட்டி, முத்தாண்டிக்குப்பம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் தனகோட்டியிடம் வேலை கொடுப்பார்கள். அவன் பாதியை டவுன்ஷிப்பில் தன் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்துகொண்டு வருவான். பவர்ஹவுஸ் பக்கத்திலேயே இருப்பதால் டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது.

“நீளமா வருதா? அது ஃப்ரேம் கணக்குண்ணே,” என்றான் தனகோட்டி, கையிலிருந்த திருப்புளியை வைக்காமலேயே. “டிஸ்க்குல ஒரு செகண்டுக்கு இத்தன படம்னு இருக்கும். ஃபோனுக்கு வேற கணக்கு. பத்தலன்னா அதுவா நடுவுல போட்டு ரொப்பிக்கும்.”

“எதப் போட்டு ரொப்பும்?”

தனகோட்டி சிரித்தான். “இருக்கறதத்தாண்ணே. இல்லாதத எங்கேர்ந்து கொண்டாரும்?”

வேகமாக முடிக்க வழி கேட்டதற்கு அவன் நாலைந்து யோசனை சொன்னான். ஆன்டிவைரஸை நிறுத்திவிடு. வேலை நடக்கும்போது ஓரத்தில் ஓடுமே ஒரு குட்டிப் படம், அதை மூடு. “அத நீ பாக்கணும்னு அது ரெண்டு வேல செய்யிது.” ஒரே வீடியோவை இரண்டு தடவை அலசச் சொல்லும் இடத்தில் ஒரு தடவை போதும் என்று வை. பெட்டியைத் திறந்து தூசியை ஊது.

தாஸ் பெட்டியைத் திறந்தபோது உள்ளே விசிறி இறக்கைகளில் பழுப்புக்கரித் தூள் வெல்வெட் துணிபோல் படிந்திருந்தது. சைக்கிள் பம்பால் அடித்தான். மூடியை மாட்டாமல் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தான். மாற்றும் வேலையை மறுபடி ஓடவிட்டு, கடைக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அவனுக்கே சந்தோஷமாக இருந்தது. மதியம் மேரியின் ஃபோனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாகப் படுத்தான்.

சோறு தீயும் வாடைதான் அவனை எழுப்பியது.

சமையலறையில் மேரி அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். பானையிலிருந்து புகை எழும்பி அவள் தோளைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. ஃபோன் வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது.

“என்னாங்க,” என்றாள், நிமிராமல். “அவ நிக்கிறா பாருங்க.”

அவன் அடுப்பை அணைத்துவிட்டு ஃபோனை வாங்கினான். ஷைனி உள்ளே ஓடுகிறாள். திரை ஆடி அடங்குகிறது. இந்தத் தடவை அது முடியவில்லை. நீண்டுகொண்டே போனது. காலி ஹால். அசையாத திரை. பிறகு அவன் ஒன்றைக் கவனித்தான். பலூன்கள் இல்லை. சுவர் பச்சையாக இல்லை, இளமஞ்சளாக இருந்தது. ஷைனி போன மறுவருஷம்தான் குவார்ட்டர்ஸுக்கெல்லாம் அந்த நிறம் அடித்தார்கள்.

திரைக்குக் கீழே தரையிலிருந்து ஒரு சாண் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. விரல்கள் உள்ரூமைப் பார்த்து இருந்தன. குதிகால்கள் இந்தப் பக்கம்.

திரைக்குப் பின்னால், முதுகைக் காட்டி, யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஷைனி காலுதாங்க,” என்றாள் மேரி. அவள் குரலில் பயமே இல்லை. அதுதான் அவனை உறுத்தியது.

அன்று மாலை அவன் ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் அதை அழித்தான். மேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். சண்டை போடவில்லை. ராத்திரி படுக்கையில் இருட்டில் மெதுவாகக் கேட்டாள்:

“நாளைக்கு மறுபடி போடுறீங்களா? இன்னும் வெரசா போட்டா இன்னும் கொஞ்சம் வருமோ?”

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ஆனால் அதே கேள்வி அவனுக்குள்ளும் இருந்தது. பயமும் இருந்தது, பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. பெற்ற பிள்ளையின் பாதம். நாலு வருஷத்துக்குப் பிறகு. அது தப்பு என்று எவன் வந்து சொல்வது?

மேரி விடவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சாப்பிடாமல் எழுந்தாள். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபிக்காமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் தனகோட்டியிடம் போய், உடைந்த கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து கழற்றிய ரேம் ஒன்றை வாங்கி வந்து பெட்டியில் சொருகினான். எழுதும் இடத்தை வேறு டிரைவுக்கு மாற்றினான். மற்ற வேலை எல்லாவற்றையும் நிறுத்தி, மாற்றும் வேலைக்கே முழு பலத்தையும் கொடுக்கும்படி வைத்தான். இதையெல்லாம் செய்யும்போது அவன் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. அது பிறகு யோசித்தபோதுதான் அவனுக்கு வியப்பாக இருந்தது.

உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பழைய பெட்டி அப்படி ஓடி அவன் கண்டதில்லை. விசிறியின் இரைச்சல்கூட இல்லை. எதிரே எதுவோ இழுக்க, அது சறுக்கி இறங்குவதுபோல் ஓடியது.

வீடியோவின் நீளத்தைப் பார்த்தான். பிறந்தநாளைவிட, பிறந்தநாளுக்குப் பிறகு இருந்தது நீளமாக இருந்தது.

மேரியைக் கூப்பிடாமல் தனியாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தான். அவள் ஏற்கெனவே பின்னால் வந்து நின்றிருந்தாள்.

காலி ஹால். இளமஞ்சள் சுவர். திரை. திரைக்குக் கீழே பாதங்கள், முன்னைவிடப் பெரியவை. பகல் வெளிச்சம் ஜன்னலில் வந்தது, போனது, வந்தது. மழைக்கால இருட்டு கவிந்தது, வெளுத்தது. திரை உப்பியது. அதைத் தள்ளிக்கொண்டு ஒரு முதுகு வெளியே வந்தது. ஷைனியின் பிறந்தநாள் கவுன், ரோஸ் நிறம். பின்னோக்கி நடந்துதான் அவள் வந்தாள். ஒரு அடி. நின்றாள். இன்னொரு அடி. கவுன் முட்டிக்கு வெகு மேலே நின்றது. தலைமுடி இடுப்பைத் தாண்டித் தொங்கியது. தலை, திரை மாட்டும் கம்பியில் இடித்தது. குனிந்து வெளியே வந்தாள்.

தாஸ் மானிட்டருக்கு அருகே குனிந்தான். படம் இழுபட்டிருக்கிறது, என்று நினைத்தான். அகலமும் உயரமும் சரியான அளவில் வைக்காவிட்டால் ஆட்கள் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீண்டுவிடுவார்கள். தனகோட்டி கடையில் பார்த்திருக்கிறான். அளவைத்தான் சரி செய்ய வேண்டும்.

ஆனால் நாற்காலி நீளவில்லை. ஜன்னல் நீளவில்லை. வாசல் அதே வாசல்.

அவள் மட்டும்தான் நீண்டிருந்தாள்.

“வளந்துட்டா,” என்றாள் மேரி, அவன் தோளுக்குப் பின்னாலிருந்து. அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல். “பாருங்களேன். எம்மாம் வளத்தி. உங்க அம்மா ஜாடை.”

முகம் தெரியவில்லையே மேரி, என்று சொல்ல நினைத்தான்.

வீடியோவில் ஹால் மாறியிருந்தது. மூலையில் ஒரு மேசை வந்திருந்தது. மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர். அடியில் மூடி கழற்றிய பெட்டி, அதைப் பார்த்துத் திருப்பி வைத்த டேபிள் ஃபேன். நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான், அவனுக்குப் பின்னால் புடவை கட்டிய ஒருத்தி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், கூரையைத் தொடும் உயரத்தில், ரோஸ் கவுன்.

தாஸ் திரும்பினான்.

மேரி. மேரிக்குப் பின்னால் ஹால். ஒன்றும் இல்லை. உள்ரூம் வாசலில் திரை ஆடிக்கொண்டிருந்தது. ஃபேன் காற்றாக இருக்கலாம். ஃபேன் அந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

டிவி பக்கம் பார்த்தான். அதன்மேல் கேமரா எதுவும் இல்லை. டவுன்ஷிப்பில் ஒருநாள் துடைக்காவிட்டாலும் கரித்தூள் படிந்துவிடும். படிந்திருந்தது. நடுவில் மட்டும் கையகலத்துக்குத் தூசியே இல்லாமல் ஒரு சதுரம். எதையோ வைத்து எடுத்த தடம்.

கல்லறைத் திருநாளன்று காலை அவன் சட்டை போட்டுக்கொண்டு, மெழுகுவத்தியும் சாமந்திப் பூவும் எடுத்துக்கொண்டு மேரிக்காகக் காத்திருந்தான். அவள் நைட்டியிலேயே இருந்தாள்.

“கிளம்பல?”

“நீங்க போய்ட்டு வாங்க.”

“மேரி, இதுக்காகத்தான நீ வீடியோவே கேட்ட?”

அவள் அவனை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் இரக்கமாகப் பார்த்தாள். “அங்க எதுக்குங்க? அவதான் அங்க இல்லியே.”

அவன் தனியாகப் போனான். கல்லறைத் தோட்டம் முழுக்கக் குடைகள். ஷைனியின் சின்னச் சிலுவையைச் சுற்றிப் புல்லைப் பிடுங்கினான். தூறலில் மெழுகுவத்தி நிற்கவில்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது. மண் கெட்டியாக இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நீ இங்கேதானே இருக்கிறாய், என்று கேட்டான். இங்கேதானே இருக்கிறாய், கண்ணு.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு நாகம்மாள் கேட்டில் நின்றிருந்தாள். பெரியவள், புருஷன் ரிட்டயர் ஆகப்போகிறவர்.

“தம்பி, உங்க வூட்டுக்கு ஒறமொறையா யாராச்சும் வந்துருக்காங்களா?”

“இல்லீங்களே. ஏன்?”

“ஜன்னலாண்ட ஒரு பொண்ணு நின்னுகினு இருந்துச்சு. பொண்ணுதான்னு நெனைக்கிறேன். முடி தெரிஞ்சுது.” நாகம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “தல தெரியல தம்பி. ஜன்னலுக்கு மேல போயிடுச்சு.”

அந்த வாரம் அவனுக்கு நைட் ஷிஃப்ட். கடலூருக்குத் தம்பி வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வா என்று மேரியைக் கெஞ்சினான். “புள்ளைய வுட்டுட்டா?” என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரம் தேய்க்கப் போனாள். ஜானுக்கு ஃபோன் செய்தான். காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன் என்றான் அவன். மற்ற ஊர்களில் எல்லாம் நாளுக்கு எத்தனை தடவை கரண்ட் போகிறது. இங்கே ஒரே ஒரு தடவை போகக் கூடாதா என்று தாஸ் முதல்முறையாக வேண்டிக்கொண்டான்.

கிளம்பும்போது கம்ப்யூட்டரில் மிச்சமிருந்த ஃபைல்களை அழித்துவிட்டு, அதன் பவர் வயரைப் பிடுங்கினான். டிஸ்க்கை எடுத்தான். இரண்டையும் சாப்பாட்டுப் பையில் போட்டான். மேரி தடுக்கவில்லை. வாசல்வரை வந்து, “பாத்துப் போங்க,” என்றாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள். நாலு வருஷமாக அவள் பூ வைத்ததில்லை.

சுரங்கத்தில் அவனுக்குப் பெல்ட் பார்க்கும் வேலை. விளக்குகளுக்கு அடியில் ஈரக் கரி கறுப்பு ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கும் நிற்காமல், பவர்ஹவுஸ் பக்கம், அடுப்புகள் இருக்கும் பக்கம். தாஸ் பையைத் திறந்து டிஸ்க்கை எடுத்தான். உறைமேல் ஜானின் கையெழுத்தில் ‘ஷைனி குட்டி’ என்று எழுதியிருந்தது. உலகத்தில் அவள் சிரிக்கும் சத்தம் இருப்பது இது ஒன்றில்தான். க்ரீம் ஒட்டிய கன்னம், விழுந்த பல், “மாமா என்ன எடு, என்ன எடு.” நெஞ்சோடு அதை அழுத்திக்கொண்டு நின்றான். உடன் வேலை செய்பவர்கள் பார்க்கிறார்களா என்றுகூட நினைக்கவில்லை. வாய்விட்டு அழுதான். பெல்ட் இரைச்சலில் அது அவனுக்கே கேட்கவில்லை.

பிறகு டிஸ்க்கைக் கரிமேல் போட்டான். ஒரு நொடி மின்னியது. போய்விட்டது. அவளை இரண்டாம் தடவை மண்ணுக்குக் கொடுத்ததுபோல் இருந்தது.

முடிந்தது, என்று சொல்லிக்கொண்டான். முடிந்துவிட்டது.

விடியும் நேரத்தில், ஷிஃப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது, மேரிக்கு ஃபோன் செய்தான். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

“மேரி? நல்லா இருக்கியா?”

“மெதுவா பேசுங்க,” என்றாள் அவள், ரகசியக் குரலில். “இப்பதான் எழுந்திருச்சு உக்காந்துகினு இருக்கா. தூக்கக் கலக்கம்.”

“யாரு?”

மேரி வேறு யாரிடமோ பேசினாள். “ஆடாத கண்ணு. அப்பாதான்.” அதற்குப் பிறகு ஃபோனில் ஒரு சத்தம். யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல். இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. எந்த நெஞ்சுக்குள்ளும் அவ்வளவு இடம் இருக்காது.

ஷிஃப்ட் பஸ்ஸுக்கு அவன் நிற்கவில்லை. யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டான். பனியும் புகையும் ஒன்றாகக் கலந்து ரோட்டின்மேல் கிடந்தது. மரங்கள் தெரியவில்லை. ஜானின் பஸ் இன்னும் குள்ளஞ்சாவடிகூடத் தாண்டியிருக்காது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது.

ஹாலில் காலை வெளிச்சம், பால் மாதிரி. முதலில் கம்ப்யூட்டரைத்தான் பார்த்தான். திரை கறுப்பு. பெட்டி சத்தமில்லாமல் கிடந்தது. கை வைத்துப் பார்த்தான். சில்லென்றிருந்தது. வயர் அவன் பையில்தான். பையைத் தொட்டுப் பார்த்தான். இருந்தது.

ஓடவில்லை. எதுவும் ஓடவில்லை.

உள்ரூமிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது.

“மேரி?”

“வாங்க. செருப்ப கழட்டிட்டு வாங்க.”

திரையை விலக்கினான்.

கட்டில் சுவரோரம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அறை நடுவில் தரையில் அது உட்கார்ந்திருந்தது. காலை மடித்து, வாசலுக்கு முதுகைக் காட்டி. ரோஸ் கவுன் தோளில் ஒரு துண்டுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. முழங்கால்கள் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டன. மேரி சமையலறை ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றிருந்தாள். அப்படி நின்றும் தலை எட்டாமல், எக்கி எக்கி வாரிக்கொண்டிருந்தாள். முடி அவளைத் தாண்டி இறங்கி, தரையில் விழுந்து, தாஸின் கால்வரை வந்து கிடந்தது. நனைந்திருந்தது. கறுப்பு.

மேரியின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“பாரு,” என்றாள், அதன் தலையைத் தட்டிக்கொடுத்து. “யாரு வந்துருக்காங்க பாரு. அப்பாதான். திரும்பு கண்ணு.”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

தோள் அசையவில்லை. தலை மட்டும் அசைந்தது. மெதுவாக. காது வர வேண்டிய இடம் வந்தது. கன்னம் வர வேண்டிய இடம். திரும்பிக்கொண்டே வந்தது. நின்றது.

முழுசாகத் திரும்பிவிட்டிருந்தது.

முடிதான். அந்தப் பக்கமும் முடிதான். நெற்றியிலிருந்து மோவாய்வரை, எண்ணெய் தடவி, நடுவில் நேராக வகிடு எடுத்து, படிய வாரியிருந்தது.

“இரு, இரு, இங்க கலஞ்சு போச்சு,” என்றாள் மேரி. சீப்பை எடுத்து, அந்தப் பக்கத்தையும் வார ஆரம்பித்தாள்.